கால் மார்க்

ஐந்தே முக்காலுக்குப் பள்ளிகொண்டா டோல்கேட்டில்
கம்பெனி பஸ் நிற்கும்.
ஏறி உட்கார்ந்ததும்
ஷூ சுற்றும் டிஷ்யூ தாளைப் பிரித்துக்கொள்வேன்.
நாளைக்கு ஐந்து சொல், பேங்க் பரீட்சைக்கு.
அழுத்தினால் கிழிந்துவிடும் தாள்,
அதனால் ஆங்கிலத்தை
மெல்லத்தான் எழுதப் பழகினேன்.

ஃப்ரூகல். சிக்கனம் என்று போட்டிருந்தது புத்தகத்தில்.
பக்கத்து சீட்டு நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள்:
"இதைக்கூடவா படிச்சித் தெரிஞ்சிக்கணும்?"

எஃபிமெரல் என்றால் நெடுநேரம் நிலைக்காதது.
மாதனூர் வரசொல்ல
மறந்துவிட்டது.

டெசிக்கேட், ஈரம் போக உலர்த்து.
ஜன்னலோடு கூடவே வந்த பாலாறு
மணலைக் காட்டியது.
அதை எழுதிக்கொள்ளத் தேவைப்படவில்லை.

ஒருநாள் லைனில் வைத்து
இம்தியாஸ் சார் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.
இம்பீரியஸ்.
அப்டின்னா?
"கம்பீரமானவர்னு அர்த்தம் சார்."
அதிகாரத் திமிர் என்று பக்கத்திலேயே
தமிழில் எழுதியிருந்தேன்,
நல்லவேளை, அவர் உருது மீடியம்.
அன்று முழுக்க
கம்பீரமாகத் திட்டினார்.

எங்களுக்கென்று ஒரு ஆங்கிலம் இருக்கிறது.
புத்தகத்தில் படித்ததில்லை, கையில் ஏறியது.
அப்பர், டங், ஐலெட்.
லாஸ்ட் என்றால் எங்களுக்குக் கடைசி கிடையாது,
பிளாஸ்டிக் பாதம்.
முப்பத்தெட்டு இடது, முப்பத்தெட்டு வலது
என்று ரேக் முழுக்க
ஆளில்லாமல் நின்றுகொண்டிருக்கும்.
வேம்ப் என்றால் ஷூவின் முன்முகம்.
மயக்குகிறவள் என்றும் ஒரு பொருள் உண்டென்று
மத்தியானச் சோற்றில் நான் படித்துக் காட்ட
ரூபாவதி அக்காவுக்குப் புரையேறிவிட்டது.
பதினோரு வருஷமாக
மணிக்கு அறுபது வேம்ப் தைக்கிறவள்.
"ஒருத்தியும் என்கிட்ட சொல்லலியே" என்று
தட்டு கழுவும் இடம்வரை சிரித்தாள்.

என் வேலை ஸ்கைவிங்.
தோலின் ஓரத்தை மெஷினுக்குக் கொடுத்து
மடிக்கும்போது தடிக்காதபடி
சீவிச் சீவி மெல்லிசாக்குவது.
ஆறு வருஷம். தினம் எட்டு மணி நேரம்,
ஓ.டி. சேர்த்தால் பத்து.
தோலோடு சேர்ந்து
என் கட்டைவிரலும் மெல்லிசாகிவிட்டது.
ரேஷன் கடை மெஷின்
நான்தான் நான் என்பதை
இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

காட்பாடிக்கு அந்தப் பக்கம்
ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பரீட்சை.
கம்மல் கழற்றி, ஹேர்பின் கழற்றி,
விரல் வைக்கச் சொன்னார்கள்.
இடது கை மோதிர விரல்தான் கடைசியில் கைகொடுத்தது.
உள்ளே ஏசி. கம்ப்யூட்டரில்
இருபத்தேழாவது கேள்வி:
ஸ்கைவ் என்ற சொல்லுக்கு
நெருங்கிய பொருள் எது?

பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில்
யாரோ என் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
நிமிர்ந்து பார்த்தேன்.
நாலு விடையில் மூன்றாவது, ட்ரிம்.
படித்த ஐந்நூறு சொற்களில்
யோசிக்காமல் தொட்டது அது ஒன்றைத்தான்.

திரும்பி வரும்போது சித்தூர் பஸ் ஸ்டாண்டில்
ஃபோனில் தேடினேன்.
ஸ்கைவ்: வேலைக்கு டிமிக்கி கொடு.
வெள்ளைக்காரன் ஊரில் அதுதான் பேச்சாம்.
கீழே, பொடி எழுத்தில், இரண்டாவது பொருளாக
நான்.

தப்பு விடைக்குக் கால் மார்க் போகும்.
போகட்டும்,
காலை நம்பித்தானே இத்தனை நாள் பிழைப்பு.

திங்கட்கிழமை, பதினொன்றே கால்.
டார்கெட்டுக்கு இன்னும் நாற்பது ஜோடி பாக்கி.
மெஷினை நிறுத்திவிட்டு
கையை மடியில் வைத்துக்கொண்டு
மேலே ஓடும் பெல்ட்டைப் பார்த்தபடி இருந்தேன்.
பின்னால் வந்து நின்றார் இம்தியாஸ் சார்.
"இன்னாம்மா பண்றே?"

"ஸ்கைவிங் சார்."

தலையாட்டிவிட்டு
அடுத்த லைனுக்குப் போனார்.